ரியல் எஸ்டேட்டில் மேலே ஏற விரும்பும் பெண்ணுக்கு எந்தப் பயிற்சி உதவும்? நான்கு அமைப்புகள், ஒரு மதிப்பீடு

வீடு காட்டும் வேலையில் பெண்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் தேசிய ரியல்டர்கள் (சொத்துத் தரகர்கள்) சங்க உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் அலுவலகக் கட்டடம், கிடங்கு, வணிக வளாகம் என்று பெரிய பணம் புரளும் பக்கம் போனால் எண்ணிக்கை சரிகிறது. இத்துறைப் பெண்களின் அமைப்பான க்ரூ நெட்வொர்க் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி வணிகச் சொத்துத் துறையில் பெண்கள் 36.7 சதவீதம். நிறுவனங்களின் உச்சப் பதவிகளில் 9 சதவீதம். அதே ஆய்வில் இன்னும் முக்கியமான இரண்டு எண்கள் உண்டு. நிலையான சம்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி 10.2 சதவீதம், கமிஷனிலும் போனஸிலும் 55.9 சதவீதம்.

சம்பளத்தை ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. கமிஷனைத் தீர்மானிப்பது எந்த பைல், அதாவது எந்த ஒப்பந்த வேலை, யார் கைக்குப் போகிறது என்பது. இடைவெளி பெரிதாக இருப்பது அங்கேதான். ஆகவே, "பெண்களுக்கான தலைமைப் பயிற்சி" என்ற பெயரில் எது வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இதை முடித்தால் பெரிய பைல் கைக்கு வருமா, வந்தால் அதை நடத்தத் தெரியுமா? கீழே உள்ள நான்கையும் இந்த ஒரே அளவுகோலில் பார்க்கிறோம்.

முதலில் சி.சி.ஐ.எம். வணிகச் சொத்து முதலீட்டுக்கான தகுதிப் பட்டம் இது. நான்கு மையப் பாடங்கள்: நிதிப் பகுப்பாய்வு, சந்தைப் பகுப்பாய்வு, இடத்தைப் பயன்படுத்துபவரின் முடிவுகள், முதலீட்டுப் பகுப்பாய்வு. அவற்றோடு பேரம் பேசுதலும் தொழில் நெறியும் சேரும். பிறகு செய்து முடித்த ஒப்பந்தங்களின் தொகுப்பைச் சமர்ப்பிக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் தழுவிய ஒரு தேர்வு.

எங்கள் மதிப்பீட்டில், காசுக்கும் நேரத்துக்கும் அதிகம் திருப்பித் தருவது முதல் பாடம். அது என்ன கற்றுத் தருகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். ஒரு கட்டடத்தின் ஆண்டு வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு 5, நடத்தும் செலவுக்கு 30 கழித்தால் நிகர வருமானம் 65. அதே மாதிரியான கட்டடங்கள் 6.5 சதவீத வருவாய் விகிதத்தில் (விலையில் நிகர வருமானம் எத்தனை சதவீதம் என்பது) கைமாறுகின்றன என்றால் இதன் மதிப்பு 1,000. விற்பவர் தந்த கணக்கைப் புரட்டினால் கூரை, லிஃப்ட், குளிர்சாதனம் ஆகியவற்றை மாற்றுவதற்கான ஒதுக்கீடே இல்லை. ஆண்டுக்கு 5 ஒதுக்க வேண்டும் என்று வைத்தால் நிகரம் 60 ஆகும், மதிப்பு 923க்கு இறங்கும். விட்டுப்போனது 5, அதனால் குறைந்த மதிப்பு 77.

கடன் பக்கமும் இதோடு ஆடும். 600 கடன் வாங்கி ஆண்டுக்கு 52 தவணை கட்டுவதாகத் திட்டம். 65ஐ 52ஆல் வகுத்தால் 1.25, வங்கி கேட்கும் அளவு அதுவே என்றால் கடன் தேறும். நிகரம் 60 ஆனால் விகிதம் 1.15க்கு வந்துவிடும். 1.25ஐக் காப்பாற்ற வேண்டுமென்றால் தவணை 48ஐத் தாண்டக்கூடாது, கடன் 554ஆகச் சுருங்கும். மீதி 46ஐ வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். இதை வங்கி கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருந்தால் ஒப்பந்தம் கடைசி வாரத்தில் முறியும். ஏஜென்ட் முதல் வாரமே சொன்னால் விலை பேச வழி இருக்கும். இப்படிச் சொல்லத் தெரிந்தவரை வாடிக்கையாளர் அடுத்த முறை நேரடியாகக் கூப்பிடுவார். பெரிய பைல் கைக்கு வருகிற வழி இதுதான். ஒரு எச்சரிக்கை: மாற்றுச் செலவுக்கான ஒதுக்கீட்டை நிகர வருமானத்துக்கு முன்பே கழிப்பவர்களும் உண்டு, பின்னால் கழிப்பவர்களும் உண்டு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒப்பிடும் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். இரண்டையும் கலந்தால் வருவாய் விகிதமே பொய்யாகிவிடும்.

இந்தப் பட்டத்தில் பெண்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பாடமல்ல, ஒப்பந்தத் தொகுப்புதான். பாடங்களை நன்றாக முடித்திருப்பார்கள். ஆனால் அலுவலகம் அவர்களுக்குக் கொடுத்ததெல்லாம் சின்ன வாடகை பைல்களாக இருந்தால் தொகுப்பு நிரம்பாது. இரண்டு காரியங்களை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். ஒன்று, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தேதி, சொத்து வகை, மதிப்பு, தன் பங்கு என்ன என்று நான்கு வரி எழுதி வைப்பது. இரண்டு, பத்திரம் முடிந்த அந்த வாரத்திலேயே மேலாளரிடமிருந்து தன் பங்கை உறுதிப்படுத்தும் கடிதம் வாங்குவது. வேலை மாறி மூன்று ஆண்டு கழித்துப் பழைய மேலாளரைத் தேடிப் போனால் கையெழுத்து சுலபத்தில் கிடைக்காது. கூட்டாகச் செய்த பெரிய பைலில் தன் பெயர் ஒப்பந்தக் காகிதத்தில் ஏறியதா என்பதையும் அப்போதே பாருங்கள். கணக்குப் போட்டது ஒருவர், கையெழுத்துப் போட்டது இன்னொருவர் என்ற நிலையில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கணக்குப் போட்டவர்தான்.

அடுத்து ஆர்.ஐ.சி.எஸ். லண்டனில் 1868இல் தொடங்கிய சர்வேயர்களின் அமைப்பு. மதிப்பீடு, சொத்து நிர்வாகம், திட்ட மேம்பாடு, கட்டுமானச் செலவு எனப் பல கிளைகளுக்கும் உறுப்பினர் தகுதி தருகிறது. முதல் பெண் சர்வேயர் ஐரீன் பார்க்லே 1922இல் தகுதி பெற்றார். முதல் பெண் தலைவர் லூயிஸ் புரூக்-ஸ்மித் 2014இல் பொறுப்பேற்றார். இடையே 92 ஆண்டுகள். இந்தப் பட்டத்தின் பலம், பல நாடுகளில் ஒரே பொருளில் புரிந்துகொள்ளப்படுவது. குடும்பத்தோடு நாடு மாற நேர்கிற பெண்ணுக்கு இது பெரிய விஷயம். உள்ளூர் உரிமம் அங்கேயே நின்றுவிடும், இந்தத் தகுதி கூடவே வரும்.

வழி நீளமானது. அனுபவம் குறைந்தவர்களுக்கு 24 மாதக் கட்டமைக்கப்பட்ட பயிற்சி, ஆண்டுக்கு 48 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் படிப்பு, நாட்குறிப்பு, திறன் வாரியாக எழுதிய அனுபவச் சுருக்கம், 3,000 சொற்களில் ஒரு திட்ட ஆய்வு, முடிவில் 60 நிமிட நேர்முகம். அதில் முதல் 10 நிமிடம் திட்ட ஆய்வை விளக்க வேண்டும், மீதி பெரும்பகுதி கேள்விகள். திறன்களுக்கு மூன்று நிலைகள்: தெரிந்திருப்பது, செய்திருப்பது, காரணத்தோடு ஆலோசனை சொல்லியிருப்பது.

தோல்விகள் பெரும்பாலும் மூன்றாம் நிலையில் விழுகின்றன. "குத்தகை புதுப்பிப்பில் எங்கள் குழு ஈடுபட்டது" என்று எழுதுகிறவருக்கு அறிவு குறைவில்லை. எழுதும் பழக்கம்தான் காலை வாருகிறது. தேர்வாளர் மதிப்பெண் போடுவது உங்களுக்கு, குழுவுக்கு அல்ல. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும்: செய்தேன், ஒப்பிட்டேன், பரிந்துரைத்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது "செய்யப்பட்டது" என்கிற தோரணை வந்து ஆளை மறைத்துவிடுகிறது. மூன்றாம் நிலைக்கு எழுதும் பத்தி இப்படி ஓட வேண்டும்: வாடகைதாரர் முன்கூட்டியே வெளியேறக் கேட்டார், மூன்று வழிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் உரிமையாளருக்கு எவ்வளவு காலியிருப்புச் செலவு என்று கணக்கிட்டேன், இரண்டாவதைப் பரிந்துரைத்தேன், காரணம் இது, உரிமையாளர் ஏற்றார் அல்லது ஏற்கவில்லை, விளைவு இது. ஏற்காவிட்டாலும் பரவாயில்லை. ஆலோசனையின் தரத்தைத்தான் பார்ப்பார்கள். அடக்கமாகப் பேச வளர்க்கப்பட்ட பெண்களுக்கு "நான்" என்று எழுதுவது கூச்சமாக இருக்கலாம். இங்கே அது தற்பெருமை அல்ல, ஆதாரம்.

நெறி பற்றிய கேள்விகளைக் கடைசி நிமிடச் சடங்காக நினைப்பது அடுத்த பிழை. ஒரே சொத்தில் இரு தரப்புக்கும் வேலை செய்வது, வாடிக்கையாளர் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது, பரிசு வாங்குவது ஆகியவற்றில் தடுமாறினால் தொழில்நுட்பப் பகுதியில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் பலன் இல்லை.

மகப்பேறு விடுப்பு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பயிற்சி நாட்கள் எண்ணிக்கையால் கணக்கிடப்படுகின்றன, 24 மாதப் பயிற்சிக்குக் குறைந்தது 400 நாட்கள். விடுப்பால் அது தள்ளிப்போகும், அழியாது. ஆனால் திட்ட ஆய்வு, நேர்முகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் செய்த வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். விடுப்புக்கு முன் முடித்த அருமையான திட்டம், திரும்பி வந்து எழுதி அனுப்புவதற்குள் காலாவதி ஆகிவிடலாம். விடுப்பில் போகும் முன் தேதியை எண்ணிப் பாருங்கள். தாண்டும் என்று தெரிந்தால், திரும்பியதும் கிடைக்கும் முதல் பைலையே திட்ட ஆய்வாக வைத்து நாட்குறிப்பை எழுதத் தொடங்குவதே சரி. பொதுவாக ஆர்.ஐ.சி.எஸ். ஆவணங்கள் தெளிவாகவே உள்ளன. ஆனால் வழிகாட்டியாக ஒரு தகுதி பெற்ற சர்வேயர் வேண்டும், அலுவலகத்தில் அப்படி ஒருவர் இல்லாத இடங்களில் சேருபவருக்குத் தொடக்கமே கடினமாகிவிடுகிறது. பணம் கட்டும் முன் வழிகாட்டியை உறுதி செய்யுங்கள். கூடவே, சந்திக்கும் தேதிகளையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

க்ரூ நெட்வொர்க் வேறு வகை. இது பாடம் அல்ல, தொடர்பு. 1989இல் தொடங்கியது, வணிகச் சொத்துத் துறைப் பெண்களுக்கானது. தரகர்களை மட்டும் கூட்டாமல் கடன் தருபவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், மதிப்பீட்டாளர், பொறியாளர் என எல்லாக் கிளையினரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் இதன் உண்மையான மதிப்பு. தரகர்கள் மட்டுமே கூடும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பைலுக்கு அலைகிறவர்கள். கடன் தருபவருக்கோ, சொத்து விற்பனைக்கு வரப்போகிறது என்பது பலருக்கு முன்னால் தெரியும்.

இதில் சேர்ந்து பலன் இல்லை என்பவர்களை விசாரித்தால், மாதக் கூட்டத்துக்கு வந்து விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனவர்களாக இருப்பார்கள். நிகழ்ச்சிக் குழுவில் இடம் கேளுங்கள். பேச்சாளரை அழைக்கும் பொறுப்பு வந்தால், சாதாரணமாக உங்கள் போனை எடுக்காத முதலீட்டு நிறுவனத் தலைவருக்குப் போன் செய்ய நியாயமான காரணம் கிடைக்கிறது. அமைப்பின் உறுப்பினர் தளம் வழியாகத் தொழில் பரிந்துரைகளும் பரிமாறப்படுகின்றன. வாங்குவதற்கு முன் கொடுங்கள்; ஆறு மாதம் அடுத்தவருக்கு வேலை அனுப்பியவரின் பெயர்தான் நினைவில் நிற்கும். குறை என்னவென்றால், அருகே கிளை இல்லாத இடத்தில் இதன் பலம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எட்டுப் பேரைத் தாமே சேர்க்கலாம்: வங்கியாளர், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், கட்டடப் பொறியாளர், கட்டடக் கலைஞர், வரி ஆலோசகர், சொத்து நிர்வாகி, ஒப்பந்ததாரர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவர் மட்டும், மாதம் ஒரு சந்திப்பு.

நான்காவது உமன்ஸ் கவுன்சில் ஆஃப் ரியல்டர்ஸ். 1938இல் தேசிய ரியல்டர்கள் சங்கத்தைச் சார்ந்து உருவானது, வீட்டு விற்பனைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்றது. தாய்ச் சங்கம் 1908இல் தொடங்கியது. அதற்கு முதல் பெண் தலைவராக டோர்காஸ் ஹெல்ஃபன்ட் 1992இல்தான் வந்தார். கவுன்சில் தருகிற மிகப் பெரிய பொருள் வகுப்பல்ல, உள்ளூர் கிளைப் பொறுப்பு. வரவு செலவுத் திட்டம் போடுவது, கூட்டத்தை நேரத்தில் முடிப்பது, கருத்து வேறுபடும் இருவரைத் தீர்மானத்துக்குக் கொண்டுவருவது ஆகியவற்றைச் சொந்த நிறுவனத்தின் பணத்தைப் பணயம் வைக்காமல் பழகிக்கொள்ளலாம். பொறுப்புக் கேட்கும்போது பொருளாளர் பதவியைக் கேளுங்கள். விருந்து ஏற்பாடு, வரவேற்பு, அலங்காரம் எல்லாம் தானாகவே பெண்கள் தலையில் வந்து விழும் வேலைகள். ஆண்டு முழுக்க உழைத்தாலும் அவற்றால் தலைமைக்கான தகுதி கூடாது. கணக்கைக் கையில் வைத்திருப்பவரைக் கேட்காமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது.

இந்த நான்கையும் தாண்டி, மாதக் கட்டணத்தில் ஊக்கம் ஊட்டும் தனியார் பயிற்சிகள் நிறைய. கேட்க வேண்டியவை சில: விளம்பரத்தில் சொல்லும் வருமானம் மொத்தமா, செலவு போக நிகரமா? ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுமா? நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா? படித்து முடித்து இரண்டு ஆண்டு ஆன மூவரோடு பேச விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

இத்தகைய வகுப்புகள் அதிகம் விற்பது "சொந்தக் குழு அமையுங்கள், தலைவி ஆகுங்கள்" என்ற கனவை. கணக்கைப் பாருங்கள். வந்த கமிஷன் 100. அலுவலகப் பங்கு 30 போக மீதி 70. பைலை முடித்த குழு உறுப்பினருக்குப் பாதி, 35. தலைவிக்கு 35. அதிலிருந்து வாடிக்கையாளர் விசாரணைகளை வாங்க 12, உதவியாளர் சம்பளத்துக்கு 10, புகைப்படம், விளம்பரப் பலகை, பயணம் என 5. கையில் நிற்பது 8. அதே பைலைத் தனியாக, பழைய வாடிக்கையாளரின் பரிந்துரையில் முடித்திருந்தால் இதைவிடப் பல மடங்கு நின்றிருக்கும். குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணைகளில் பாதியாவது விலைக்கு வாங்காமல் பரிந்துரையால் வரும் நிலை வந்த பிறகு குழு அமைத்தால் இதே கணக்கு லாபமாக மாறும். வரிசையை மாற்றுவதால்தான் பலர் இரண்டாம் ஆண்டில் குழுவைக் கலைக்கிறார்கள். முதலில் சேர்க்க வேண்டியவரும் விற்பனையாளர் அல்ல. ஆவணங்களைப் பின்தொடரும் ஒருவர். தலைவியின் நேரத்தைத் தின்பது அந்த வேலைதான்.

பரிந்துரையைப் பெருக்கும் வழிக்கு நியூயார்க்கின் பார்பரா கார்க்கரன் நல்ல உதாரணம். 1973இல் வீட்டுத் தரகு நிறுவனம் தொடங்கினார். அடுக்ககங்களின் சராசரி விலையைத் தொகுத்து அறிக்கையாகப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். விலை நிலவரம் தேவைப்பட்ட செய்தியாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2001இல் நிறுவனத்தை 66 மில்லியன் டாலருக்கு விற்றார். இதைச் சிறிய அளவில் யாரும் செய்யலாம். ஒரே பகுதி, ஒரே வகைச் சொத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம்: எத்தனை விற்றன, கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் எவ்வளவு வித்தியாசம், விற்க எத்தனை நாள் ஆனது. விற்பனை குறைவாக இருந்தால் சராசரிக்குப் பதில் நடுமதிப்பை (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) கொடுங்கள்; ஒரு மாளிகை விற்றுவிட்டால் சராசரி மொத்தமும் திரிந்துவிடும். ஆதாரம் சொல்லாத எண்ணைப் போடாதீர்கள். ஒரு தவறான எண், நான்கு நல்ல அறிக்கைகள் சேர்த்த பெயரைக் கெடுத்துவிடும்.

நான்கு அமைப்புகளிலும் எவ்வளவு பேசினாலும் தகும் என்று நாங்கள் நினைக்கும் ஒரு விஷயம், தனியாக வீடு காட்டப் போகும் பெண்ணின் பாதுகாப்பு. 1986 ஜூலை 28 அன்று லண்டனில் எஸ்டேட் ஏஜென்ட் சூசி லாம்ப்ளூ, ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போனவர் திரும்பவில்லை. அவர் பெயரில் பெற்றோர் அதே ஆண்டு தொடங்கிய அறக்கட்டளை, வேலையிடத்தில் தனியாகச் செல்வோருக்கான பாதுகாப்புப் பயிற்சி தருகிறது. ஒரு கிளையை நடத்தும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தால், முதல் வாரத்தில் எழுதி ஒட்ட வேண்டிய விதிகள் இவை. புதிய வாடிக்கையாளரின் முதல் சந்திப்பு அலுவலகத்தில்தான். அடையாள அட்டையின் நகல் எடுக்காமல் சாவி வெளியே போகாது. போகும் இடம், யாரோடு, திரும்பும் நேரம் மூன்றும் பதிவேட்டில் இருக்கும். வண்டியை வேறு வண்டி மறிக்க முடியாத இடத்தில், வெளியே பார்த்தபடி நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் வாடிக்கையாளரை முன்னால் நடக்க விட்டு, கதவுப் பக்கம் தான் நிற்க வேண்டும். நிலவறைக்கும் மொட்டை மாடிக்கும் கூடப் போகாமல் வழியை மட்டும் காட்டலாம். சொன்ன நேரத்துக்கு மேல் 15 நிமிடம் தாண்டினால் அலுவலகத்திலிருந்து போன் போகும். "சிவப்பு பைல் எங்கே?" என்பது போல ஒரு வாக்கியத்தை ஆபத்துக் குறியாக எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அது காதில் விழுந்தவர் திருப்பிக் கேள்வி கேட்காமல் போலீசுக்குப் போன் செய்வார். இந்த விதிகள் ஆண் ஏஜென்ட்களுக்கும் சேர்த்துத்தான். பெண்களுக்கு மட்டும் என்று வைத்தால், "பாதுகாப்பு இல்லை" என்ற சாக்கில் தூரத்து பைல்களும் மாலை நேரத்து பைல்களும் பெண்கள் கையிலிருந்து நழுவத் தொடங்கிவிடும்.